சட்டியில் மிஞ்சியதுதான் அம்மாவுக்கா? குழந்தை வளர்ச்சி: கேள்வி பதில்

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமங்களில் 22 வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்கு ரெண்டு வயசு, 78 செ.மீ.தான் இருக்கா. நாங்களும் குள்ளம். பரம்பரையா அக்கா? (பண்ருட்டி)

பரம்பரைன்னு விட்டுடாதீங்கம்மா. அந்த வயசுப் பெண் குழந்தை 86 செ.மீ. பக்கம் இருக்கணும். 80-க்குக் கீழேன்னா வளர்ச்சி தடைப்பட்டிருக்கு. அங்கன்வாடியில படுக்க வச்சு மறுபடி அளக்கச் சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் காட்டுங்க.

ஆண் பெண் சமத்துவத்துக்கும் பிள்ளை உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? (காட்டுமன்னார்கோயில்)

நிறைய இருக்கு தம்பி. உங்க வீட்டுல ராத்திரி கடைசியா சாப்பிடுறது யாரு? நான் போன வீடுகள்ல பெரும்பாலும் கர்ப்பமா இருக்கிற பொண்ணுதான். மீன் தீர்ந்திருக்கும், அவளுக்கு வெறும் குழம்பும் சோறும். தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. அதே ஆய்வுல, 5 வயசுக்குட்பட்ட பிள்ளைங்க 100-க்கு 25 பேருக்கு வயசுக்கேத்த உயரம் இல்ல. இது ரெண்டையும் என்னால பிரிச்சுப் பார்க்க முடியல. ரத்தம் குறைஞ்ச உடம்போட நடவுக்கும் போய், தண்ணியும் தூக்கினா, குழந்தை ரெண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்குற வாய்ப்பு அதிகம். கரு உண்டான நாள்லேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் 1000 நாள். அதுல விட்டதைப் பின்னால பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். 18 வயசுக்கு முன்னாடியே கட்டிக் கொடுத்துட்டா, அவளே இன்னும் வளர்ற பொண்ணு. ஒரே தட்டுச் சோத்தை ரெண்டு உடம்பு பங்கு போடுது. குழந்தைக்குப் பேதி கண்டிருந்தும் 'அவர் வரட்டும்'னு வாசல்ல காத்திருந்த தாயைப் பார்த்து நான் அழுதிருக்கேன்.

மருமக முந்திரி உடைக்கப் போயிடுறா. எட்டு மாசப் பேரனுக்குக் கஞ்சித் தண்ணி போதுமா?

பத்தாதும்மா. வயிறுதான் நிறையும். பருப்பும் நெய்யும் விட்டுக் குழைச்ச சோறு, முட்டை, முள் எடுத்த மீன், சத்துமாவுக் கூழ்னு மாத்தி மாத்தி மூணு வேளை கொடுங்க. மருமக வந்ததும் பால் கொடுக்கட்டும். அந்த நேரம் அடுப்பை மகன் பார்த்துக்கட்டும்.

பையனுக்கு முட்டை, பொண்ணுக்குக் குழம்புன்னு மாமியார் வைக்கிறாங்க.

ஒரு முட்டைதான்னா பாதி பாதியா வெட்டி வைங்க.

உரிமைத் தொகை என் கணக்குலதான் வருது. ஏடிஎம் கார்டு அவர்கிட்ட. (புவனகிரி)

2023 செப்டம்பர்ல தொடங்கின, மாசாமாசம் வர்ற அந்த 1,000 ரூபா உங்களுக்கானது. கார்டைக் கேட்டு வாங்குங்க. தயக்கமா இருந்தா கிராம செவிலியரை வீட்டுக்கு வரச்சொல்லி, குழந்தையோட எடை அட்டையை உங்க வீட்டுக்காரர் கண்ணு முன்னாடி விரிச்சு வச்சுப் பேசச் சொல்லுங்க. நான் அப்படிப் பேசி ரெண்டு வீட்டுல கார்டு கைமாறியிருக்கு.