பரிமாற ஆள் இருக்கிறது, பாத்திரம் கழுவ?

கேள்வி: ஆதரவற்றவர்களுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் தொண்டு செய்ய ஆசை. என் பிறந்தநாளன்று வீட்டிலேயே சமைத்து எடுத்துப்போய், மகனோடு பரிமாறலாம் என்றிருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஆனால் பிறந்தநாளன்று வேண்டாமே! விசேஷ நாட்களில் எங்கள் சமையற்கூடத்தில் கரண்டிக்குப் போட்டி நடக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமையில் அண்டா தேய்க்க ஆள் தேட வேண்டியிருக்கும். முதலில் போன் செய்து, எந்தக் கிழமை ஆள் பற்றவில்லை என்று கேளுங்கள். அந்தக் கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சமைத்துக் கொண்டுபோவதைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். வருத்தப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. சூடான உணவு பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறினதைத் திரும்பக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் போகாது. சாப்பிடுகிறவர்களில் முதியவர்களும் நோயாளிகளும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். உங்களுக்கே வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பரிமாறும்போது “போதுமா?” என்று கேட்காதீர்கள். கூச்சப்படுகிறவர் உடனே தலையாட்டிவிடுவார். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று கேளுங்கள். பல் இல்லாதவருக்குக் குழைவானதாகப் பார்த்து வையுங்கள். வேண்டாம் என்று ஒதுக்கினால் விட்டுவிடுங்கள், அவருக்குச் சர்க்கரை இருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். இன்னொரு பொட்டலம் கேட்டால் யாருக்கு என்று துருவ வேண்டாம்.

செல்போனைப் பையிலேயே வையுங்கள். எங்களிடம் வரும் பெரியவர் ஒருவர் தட்டை வாங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். புதிதாக வந்த தம்பி ஒருவன் அவரைப் படம் எடுத்தான். கையில் பிசைந்திருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமும் வரவில்லை. அந்தத் தம்பி கெட்டவன் இல்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மகனை அழைத்துவரலாமா என்று கேட்டுக்கொண்டு கூட்டிப்போங்கள். தண்ணீர் ஊற்றட்டும். அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். நீங்கள் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், மோதிரம், வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். முதல் நாள் அநேகமாகப் பாத்திரம் கழுவத்தான் விடுவார்கள்.