இளைத்த பிறகுதான் நடிப்பா? கடலூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மகளின் மதிப்பெண்களைப் பற்றி ஒரு வரியும் அவளுடைய எடையைப் பற்றி ஒரு பக்கமும் இருந்தன. இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு படிப்பவள், கல்லூரி நாடகங்களில் தொடர்ந்து நடிப்பவள், நடிப்பையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறாள். சென்னையிலுள்ள உங்கள் நாத்தனாரோ, முதலில் உடம்பைக் குறைக்கும் சிகிச்சை, பிறகு பெயர்பெற்ற தனியார் நடிப்புப் பள்ளியில் ஓராண்டுப் படிப்பு என்று திட்டமிட்டு, இரண்டுக்கும் சேர்த்து நான்கு லட்சம் ஆகும் என்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வைக்க வேண்டாம்.

திரைத்துறையில் பருமனான பெண்களுக்கு இடமில்லை என்று உறவினர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொப்பையுள்ள நாயகனுக்கு ஜோடி கிடைக்கிறது. அதே உடல்வாகுள்ள பெண்ணுக்குத் தோழி வேடமும், சாப்பாட்டைப் பற்றிய கேலி வசனமும்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. 2015-இல் தமிழிலும் தெலுங்கிலும் பருமனான பெண்ணையே நாயகியாக வைத்துப் படம் எடுத்தபோதுகூட, அந்த வேடத்துக்காக அனுஷ்கா எடை கூட்டி நடித்தார். இயல்பிலேயே அந்த உடல்வாகுள்ள நடிகைக்கு அது போகவில்லை. அனுஷ்காவின் உழைப்பை நான் குறை கூறவில்லை, வாய்ப்பு யாருக்குப் போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. இளைத்தால் வாய்ப்பு உறுதி என்று எந்தப் பயிற்சிப் பள்ளியும் எழுதிக் கொடுக்காது. இளைத்த பிறகு நிறம், உயரம், மூக்கு என்று அடுத்த குறை வரும். 2022 மே மாதம் பெங்களூருவில், 21 வயதே ஆன கன்னடச் சின்னத்திரை நடிகை சேதனா ராஜ் கொழுப்பு நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். தைராய்டு போன்ற சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளட்டும். அது அவளுடைய ஆரோக்கியத்துக்காக. நடிப்புக்கான நுழைவுத் தகுதியாக அல்ல. முகம் தெரியாத டப்பிங் வேலைக்குப் போகட்டும் என்ற பெரியப்பாவின் யோசனையும் எனக்கு ஏற்புடையதன்று. டப்பிங் தனித்திறன் தேவைப்படும் கௌரவமான தொழில். ஒரு பெண்ணை ஒளித்துவைக்கும் அறை அல்ல.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி ஒன்று, இரண்டு பேருந்து மாறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகத்தில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு உண்டு. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய துறை அது. 1922-இல் புதுச்சேரியில் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடக்கமான தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் அத்துறை நெடுங்காலம் அறியப்பட்டது. அங்கே நடிப்போடு நெறியாள்கை, மேடை அமைப்பு, ஒளியமைப்பு ஆகியவற்றையும் கற்கலாம். ஆகவே படித்து வெளியே வருபவர் தம்மை யாராவது தேர்ந்தெடுக்கட்டும் என்று காத்திருக்காமல், தாமே ஒரு நாடகத்தை உருவாக்கும் திறனோடு வருகிறார். முக்கியமாக, மேடையில் அண்மைக் காட்சி (குளோஸ்-அப்) கிடையாது. கடைசி வரிசைக்குக் குரல் எட்டுகிறதா, மூச்சு நிற்கிறதா, ஒரே மாலையில் கிழவியாகவும் அரசியாகவும் மாற முடிகிறதா என்பவையே அங்கு அளவுகோல்கள். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியாததல்ல. கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் சுமந்து விடிய விடிய ஆடும் ஆட்டத்துக்கு நிறைவான உடம்பு ஒருபோதும் குறையாக இருந்ததில்லை. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமாவும், 1935-இல் ஒரே படத்துக்கு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் உருவானவர்கள்தாம்.

படிப்புக்கு முன்போ இடையிலோ, ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா நிறுவிய ஆதிசக்தி நாடகக் குழுவின் பத்து நாள் உறைவிடப் பயிலரங்கிற்கு அவள் சென்றுவரலாம். கேரளத்து நாடகக் கலையான கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சியும் களரி என்னும் போர்க்கலையும் கலந்த அந்தப் பயிற்சி, உடம்பை அளக்காமல் அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும். அதில் அவளுடைய ஆர்வம் தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மத்தியப் பல்கலைக்கழகக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் சேர்த்தாலும் நாத்தனார் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் வராது. தினமும் கடலூரிலிருந்து போய்வருவதைவிட விடுதியே மேல், ஏனெனில் ஒத்திகைகள் இரவு வரை நீளும். படித்து முடித்தவுடன் சினிமா அழைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நாடகக் குழுக்களின் வருமானமும் சீராக வராது. ஆனால் நிகழ்கலைப் பாடத்தில் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுதி ஆசிரியராகலாம், பள்ளிகளில் நாடகம் கற்பிக்கலாம், பிறகு தில்லி தேசிய நாடகப் பள்ளியின் உதவித்தொகையுடன் கூடிய மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கும் முயலலாம். நான்கு லட்ச ரூபாய்ச் சான்றிதழில் இவற்றில் ஒன்றும் இல்லை.

புதுவைப் பல்கலைக்கழகச் சேர்க்கை, க்யூட் (CUET) எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு வழியாக நடைபெறுகிறது. அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் தொடங்கி மார்ச்சில் தேர்வு நடந்துள்ளது. விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். விருப்பப் பாடத்தை மாற்றச் சொல்லி அருகில் யாரும் உட்கார வேண்டாம். சென்னைப் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே நேரில் சென்று திரும்பக் கேளுங்கள். வகுப்பு தொடங்கிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.