உள் பிரேக் பாட் மட்டும் தேய்ந்தால் கலிப்பர் பின்னைப் (pin) பாருங்கள்
தம்பி, முன் இடது சில்லில் உள்பக்கப் பிரேக் பாட் (சில்லோடு சுழலும் டிஸ்கை அமுக்கி நிறுத்தும் கட்டை) அடித்தகடு தெரியத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கம் அரைவாசிக்கு மேல் இருக்கு என்கிறீர்கள். அது பெரும்பாலும் பாட்டின் பிழையில்லை, கலிப்பர், அதாவது இரண்டு பாட்டையும் பிடித்திருக்கும் கவ்வி, ஓடுகிற பின் (pin) இறுகியிருக்கும். காற்றுப் பிரேக்கில் காற்று அமுக்கும்போது பிஸ்டன் உள் பாட்டைத்தான் முதலில் தள்ளும், பிறகு கலிப்பர் பின்னில் வழுக்கி வெளிப் பாட்டை இழுத்து டிஸ்கோடு சேர்க்க வேணும். வழுக்காவிட்டால் உள் பாட் தனியே மாரடிக்கும்.

சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பாட்களைக் கழற்றி, கலிப்பரைக் கையால் அசையுங்கள். ஓடவில்லையா, பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். மாங்குளத்தில் நான் கழற்றியபோது கிழிந்த உறைக்குள் கிரவல் புழுதி சேறாகி, அந்தப் பின் துருவேறிக் கிடந்தது. கண்ட கிரீஸைப் பூசிச் சமாளிக்காமல் பின், புஷ் (பின் ஓடும் குழாய்), உறை எல்லாம் ஒரே கிட்டாக (செட்டாக) மாற்றுங்கள், அதோடு வரும் கிரீஸே போதும். பாட் இரண்டு பக்கச் சில்லுக்கும் புதிது.

மற்றது, பாட் இல்லாத நேரம் ஒருத்தரையும் பிரேக் மிதிக்க விடாதீர்கள்.