பைத்தான் ரேஞ்ச்: லூப் எங்கே தொடங்கும், எங்கே நிற்கும்?

அண்ணா, 1 முதல் 10 வரை அச்சிட ரேஞ்ச்(1, 10) கொடுத்தேன். 9-லேயே நின்றுவிடுகிறதே?

லூப் என்பது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, ரேஞ்ச் அதற்கு வரிசையாக எண்களைத் தரும். முதல் எண் தொடங்கும் இடம், இரண்டாவது எண் நிற்க வேண்டிய இடம். அது கணக்கில் சேராது. 10-ம் வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 11). ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் இதில் பெரிய வசதி உண்டு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் லூப் எத்தனை முறை ஓடும் என்று தெரிந்துவிடும்: 11 - 1 = 10. ரேஞ்ச்(0, 5), ரேஞ்ச்(5, 10) என்று அடுத்தடுத்து ஓட்டினாலும் 5 இரண்டு முறை வராது, விட்டும் போகாது. கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982-ல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இந்த முறையைத்தான் ஆதரித்தார். ரூபி என்ற மொழியில் 1..10 என்றால் 10-ம் சேரும். அதனால் மொழி மாறும்போது முதலில் இதைப் பாருங்கள்.

சார், ரேஞ்ச்(10, 0) கொடுத்தால் எதுவுமே அச்சாகவில்லை. எரரும் இல்லை.

மூன்றாவது எண் ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட்டுவது என்பது. அதைக் கொடுக்காவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும். 10-லிருந்து ஏறிப்போனால் 0 எப்படி வரும்? அதனால் லூப் ஒருமுறைகூட ஓடாது. ரேஞ்ச்(10, 0, -1) கொடுங்கள், 1 வரை இறங்கும். 0-ம் வேண்டுமென்றால் ரேஞ்ச்(10, -1, -1).

0.5 வீதம் கூட்டிக்கொண்டே போக முடியுமா?

முடியாது, டைப் எரர் (தவறான வகை மதிப்பு என்ற பிழை) வரும். முழு எண்களில் ஓட்டி, உள்ளே 2-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

லூப்பின் எண் ஐ என்ற மாறியில் வருகிறது. லூப்புக்குள் ஐ = ஐ + 2 போட்டும் எண்கள் தாவவில்லையே?

சி மொழியில் தாவும். பைத்தானில் ஒவ்வொரு சுற்றிலும் ரேஞ்ச் தன் அடுத்த எண்ணை ஐ-யில் வைத்துவிடும், நீங்கள் போட்டது அழிந்துவிடும். ரேஞ்ச்(0, 20, 2) போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் வைல் லூப் (நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடுவது).

லிஸ்டில் (மதிப்புகளின் வரிசை) உள்ள 8-களை இன்டெக்ஸ் (0-விலிருந்து எண்ணும் இட எண்) வைத்து நீக்கினேன். இன்டெக்ஸ் எரர் வருகிறது, ஒரு 8 அப்படியே இருக்கிறது.

நல்ல கேள்வி, தாளில் எழுதியே பார்ப்போம். லிஸ்ட் 4, 8, 8, 3. நீளம் 4, எனவே ரேஞ்ச் 0 முதல் 3 வரை என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. ஐ 1 ஆகும்போது முதல் 8 போகிறது. மிச்சம் 4, 8, 3. இரண்டாவது 8 இப்போது இன்டெக்ஸ் 1-க்கு வந்துவிட்டது, ஆனால் ஐ 2-க்குப் போய்விட்டது. அதனால்தான் அது தப்பித்தது. அப்புறம் ஐ 3 ஆகிறது, அந்த இடமே இல்லை. எரர். பின்னாலிருந்து வாருங்கள்: ரேஞ்ச்(3, -1, -1). நீக்கிய இடத்துக்குப் பின்னால் இருப்பவை மட்டும்தான் நகரும், அவற்றை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.