கஞ்சா வழக்கில் மகசர்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

வாளையாரில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது என் மகனின் தோள்பையில் 2 கிலோ 300 கிராம் கஞ்சா இருந்ததாக வழக்கு. மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை வேண்டுமா என்று அவனிடம் கேட்கவே இல்லை. வழக்கு நிற்குமா?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமையைத் தருவது என்.டி.பி.எஸ். சட்டத்தின், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின், 50-வது பிரிவு. அதைத்தான் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அது உடல் சோதனைக்கு மட்டுமே. பைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இலும் 2023-இலும் சொல்லிவிட்டது. உங்களுக்குக் கைகொடுப்பது எடை. ஒரு கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் என்பதால் இது இடைப்பட்ட அளவு. அதிகபட்சம் 10 ஆண்டு தண்டனை. ஜாமீனை இறுக்கும் 37-வது பிரிவு இதற்கு வராது. மகன் சிறையிலேயே இருந்து, 60 நாளில் குற்றப்பத்திரிகையும் தாக்கலாகாவிட்டால், ஜாமீன் அவனுடைய உரிமை. ஆனால் தாக்கலாவதற்குள் மனுப் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் உரிமை போய்விடும்.

தம்பியிடம் பிடித்தது 20 கிலோ 600 கிராம் என்கிறார்கள். ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது.
– மீனாட்சிபுரம் வாசகர்

இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். இங்கே அந்த 600 கிராம்தான் வழக்கே! மகசர், அதாவது பொருளைக் கைப்பற்றியதைப் பதிவுசெய்த ஆவணத்தின், நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். சாக்கோடு சேர்த்து எடை போட்டார்களா? சாக்கின் எடையைக் கழித்தார்களா? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. அந்த நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கணக்கில் சேராது. காம்பு, இலை எல்லாவற்றையும் வாரிப்போட்டு நிறுத்திருந்தால், வக்கீல் அதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா நீதிபதிகளும் ஜாமீன் கட்டத்திலேயே இதை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது மாதிரி எடுத்த விதம். 52-ஏ பிரிவின்படி மாதிரி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பிடித்த இடத்திலேயே பொட்டலம் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால், விசாரணையில் அது வலுவான வாதம். குற்றப்பத்திரிகைக்கு இங்கே கெடு 180 நாள்; அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை தந்தால் நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டிக்கலாம்.

மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. எக்சைஸ் அலுவலகத்தில் எழுதிவைத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
– கோவிந்தாபுரம் வாசகர்

பயப்படாதீர்கள். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தோஃபான் சிங் வழக்கில், 2020-இல் வந்த தீர்ப்பின்படி, இந்தச் சட்டத்தின் அதிகாரிகளிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது. கைதுக்கான காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தெரிவித்தார்களா என்று வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத் தமிழர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

வாடகைக்கு விட்ட என் சரக்கு ஆட்டோ சிக்கிவிட்டது. திரும்பக் கிடைக்குமா?
– கொல்லங்கோடு வாசகர்

வழக்கு முடியும்வரை இடைக்காலமாகப் பெற மனுப் போடலாம். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. கடைசியில் பறிமுதலைத் தவிர்க்க, உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதோடு, போதிய எச்சரிக்கை எடுத்தீர்கள் என்பதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். வாடகைச் சீட்டு, ஓட்டுநரின் உரிம நகல், பேசிய தொலைபேசிப் பதிவு ஆகியவற்றை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.