5,10,511 பகா எண்ணா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கணிதக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்லும் அட்டையில், 5,10,511 ஒரு பகா எண் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2 முதல் 17 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் பகா எண்தான் வரும் என்று யூக்ளிட் நிறுவியிருக்கிறார் என்கிறார் அதைச் செய்துகொடுத்த கடைக்காரர். நடுவர் கேட்டால் அவள் மாட்டிக்கொள்வாளா? – ஒரு தந்தை, அம்பத்தூர்.

பதில்: மாட்டிக்கொள்வாள். 5,10,511-ஐ 19-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி 26,869 வரும். அதுவும் 97, 277 ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே. ஆகவே இது பகு எண்.

யூக்ளிட் வாதத்தின் சாரம் வேறு. இந்த எண்ணை 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகியவற்றில் எதனால் வகுத்தாலும் 1 மீதி நிற்பதால், இதன் பகாக் காரணி எதுவும் அந்த ஏழில் இருக்க முடியாது. பட்டியலுக்கு வெளியே இன்னொரு பகா எண் இருந்தே தீரும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் முடிவு. அந்தப் புதிய பகா எண், கூட்டி வந்த எண்ணாகவேதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்தத் தவறு பரவியதற்குக் காரணம் உண்டு. இவ்வாறு முதலில் வரும் 3, 7, 31, 211, 2,311 ஆகிய ஐந்தும் பகா எண்களே. ஆறாவதான 30,031-தான் 59 × 509 என்று உடைகிறது. அதற்காக, இதற்கு மேல் வருபவை எல்லாம் பகு எண்கள் என்று மகள் எழுதிவிட வேண்டாம். 19, 23, 29 வரை பெருக்கும்போது பகு எண்களே வந்தாலும், 31 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் 2,00,56,04,90,131 மீண்டும் பகா எண். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒரு தவறைத் திருத்தப்போய் நேர் எதிரான தவறில் விழும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரிபார்க்கும் முறை எளியது. 715-இன் வர்க்கம் இந்த எண்ணைத் தாண்டிவிடுவதால், 714 வரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 127 என்றாலும், முதல் ஏழில் 1 மீதி வருமென்று முன்பே தெரிவதால் 19-இலிருந்து தொடங்கலாம். இங்கே அந்த முதல் முயற்சியே பலித்துவிடுகிறது.

கைபேசியில் ஒரே ஒரு வகுத்தலைச் செய்து பார்க்கக்கூட நேரமில்லாதவர்களிடம் பணம் கொடுத்து மாணவரின் ஆய்வை வாங்காதீர்கள். அதே அட்டையைத்தான் அவர்கள் இன்னும் பத்துப் பள்ளிகளுக்கு விற்றிருப்பார்கள். நான்கு நாள் அவகாசத்தில் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, கணக்கைப் பாராமல் அட்டையின் பளபளப்புக்கு மதிப்பெண் போடும் பள்ளிகள் இருக்கும்வரை அந்த வியாபாரம் செழிக்கவே செய்யும்.

அட்டையைப் புதிதாக அச்சிட வேண்டாம். ‘பகா எண்’ என்ற இடத்தின்மீது ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, மகளைத் தன் கையாலேயே 19 × 97 × 277 என்று எழுதச் சொல்லுங்கள்.