டிஜிட்டல் உரிமை, தனியுரிமை எல்லாம் பெருநகரத்து ஐடி ஆட்களின் கவலைதானே? சிறு ஊர்களில் இருப்பவர்களுக்கு அதனால் என்ன?

இல்லை. நான் பார்த்தவரையில் இது நேர் எதிர். சொந்த மடிக்கணினி, வீட்டில் ஃபைபர் இணைப்பு, ஒரு சிம் போனால் இன்னொரு சிம் என்று இருப்பவருக்குத் தன் விவரங்களைக் காத்துக்கொள்ள நாலு வழி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர் கணினியைத் தங்கள் கையால் தொடுவதே இல்லை. ஜெராக்ஸ் கடைத் தம்பி, இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், காலேஜ் படிக்கும் பேத்தி என்று யாரோ ஒருவர் கைவழியாகத்தான் அரசாங்கத்தையும் வங்கியையும் அணுகுகிறார்கள். அடுத்தவர் கையை நம்பி இருக்கிறவர்களுக்குத்தான் உரிமை அதிகமாக வேண்டும். பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறேன், விண்டோசுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்தின்மேல் பைத்தியமும் உண்டு. அந்த இடத்தில் இருந்து சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் இருந்து தொடங்கலாம். ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். பிரிண்ட் எடுக்க வேண்டியதை அந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மருத்துவமனை ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம் அங்கே போகும். கடைக் கணினியில் வாட்ஸ்அப் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். வந்த கோப்பெல்லாம் டவுன்லோட்ஸ் கோப்புறையில் குவியும். பழுதுபார்க்க வரும் கடைக் கணினிகளில் அந்தக் கோப்புறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு தெருவே அதற்குள் இருக்கும். கடைக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரை நிற்க நேரமில்லாத வேலை, அழிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் அந்தக் கணினியை நாளைக்கு யார் வாங்குவார், எந்த வைரஸ் உள்ளே வரும் என்று யாருக்குத் தெரியும்?

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இணையத்தில் இறக்கும் இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே, அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். அதே கோப்புறையில் பெயரும் பிறந்த தேதியும் உள்ள அதே ஆளின் மாற்றுச் சான்றிதழும் கிடந்தால் பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. ஆதார் ஆணையமே 2022 மே மாதக் கடைசியில் ஓர் அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் இறக்கினால் மிச்சமில்லாமல் அழித்துவிடுங்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அதில் இருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவிப்பை எடுத்துவிட்டாலும் அறிவுரை சரியானதுதான். என்னிடம் வருகிற கடைக்காரர்களிடம் நான் கேட்பதும் அதையே: "அண்ணாச்சி, ராத்திரி கடையைச் சாத்தும்போது அந்தக் கோப்புறையை அழிச்சிருங்க, அப்படியே வாட்ஸ்அப் சாட்டையும் காலி பண்ணிருங்க." பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள்.

அடுத்தது விரல் ரேகை. ஆதார் வழியாகப் பணம் எடுக்கிற முறையில் ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் போதும், ஓடிபி எதுவும் கேட்காது. வங்கிக் கிளை இல்லாத ஊரில் முதியோர் உதவித்தொகை எடுக்க இது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் ரேகையைத் திருடினால் கடவுச்சொல் மாதிரி மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் தேவைப்படாத நேரத்தில் ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். இதிலும் ஒரு சிக்கல், ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துவிட்டுப் போக வேண்டும். அதை யார் செய்து கொடுப்பார்? மறுபடியும் பேத்திதான்.

இதை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் கோபப்படுத்துவது கடன் செயலிகள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பக்கத்தில் போனில் ஏதாவது ஓடவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு வரும் நேரத்தில், அந்த போனிலேயே ஐந்து நிமிடத்தில் கடன் என்று விளம்பரம் வரும். செயலியை நிறுவும்போது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும், ஆங்கிலத்தில். அனுமதி கொடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அப்புறம் தவணை ஒரு நாள் தள்ளினால் நாத்தனாருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் பிள்ளையின் வாத்தியாருக்கும் அசிங்கமான செய்தி போகும், அவர் முகத்தை வேறு உடலில் ஒட்டவைத்த படத்தோடு. வெளியே சொல்ல முடியாமல் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். தனியுரிமை என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது போனால் என்ன ஆகும் என்பது நம் எல்லாரையும் விட அவர்களுக்குத் தெரியும்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி கடன் செயலி எதுவும் போனில் உள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பட்டியலையோ தொடக் கூடாது. ஆகவே ஒரு கடன் செயலி தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்டாலே அது விதியை மீறுகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே தூக்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். இந்த ஒரு செய்தியை உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொன்னால்கூட இந்தப் பதில் எழுதியதற்குப் பலன்.

"எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? கள்ளக்கடத்தலா பண்ணுதோம்?" என்று கடைக்கு வருகிற பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மறைக்க ஒன்றும் இல்லாதவரின் வீட்டுக்கும் கதவு இருக்கத்தானே செய்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவரே புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, வழக்குப் போட்டபோது எண்பதைத் தாண்டியவர். இது இளவட்டங்களின் பொழுதுபோக்குக் கவலை என்பவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது, நல்லது. ஆனால் அதே சட்டம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கைவைத்திருக்கிறது. தனிநபர் விவரமாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். நூறு நாள் வேலையில் யார் பெயருக்குச் சம்பளம் போனது என்று கேட்டு வாங்கிய கிராமத்து ஆட்களுக்கு இனி "தனிநபர் விவரம்" என்று பதில் வரலாம். தனியுரிமை வலுவில்லாதவருக்குக் கேடயமாக இருக்க வேண்டியது. அதிகாரி ஒளிந்துகொள்ளும் திரையாக அது மாறுவதை நான் ஏற்கவில்லை.

அரட்டை செயலி பற்றியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிற சோஹோ நிறுவனத்தின் செயலி. எனக்கும் அதில் பெருமை உண்டு. 2025 செப்டம்பரில் ஊரே அதை இறக்கியபோது அழைப்புகளுக்கு மட்டும்தான் முழு மறையாக்கம் (பேசுகிற இருவரைத் தவிர வேறு யாரும் அறிய முடியாத பூட்டு) இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதைச் சுட்டிக்காட்டியவர்களை நம்மூர்க்காரனைக் குறை சொல்கிறான் என்று திட்டினார்கள். அப்படிக் கேட்டவர்கள்தான் அந்தச் செயலிக்கு நல்லது செய்தவர்கள், அதற்கப்புறம் நிறுவனம் அந்த வசதியைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் 2016லேயே முழு மறையாக்கம் கொடுத்துவிட்டது. ஆனால் நீங்கள் யாரிடம், எப்போது பேசுகிறீர்கள் என்ற விவரம் வாட்ஸ்அப்பை நடத்துகிற மெட்டா நிறுவனத்துக்குத் தெரியும். முதலாளி எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்த்து நான் செயலியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். முதலாளியே நினைத்தாலும் என் செய்தியைப் படிக்க முடியாது என்ற நிலை இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன்.

இனி 2018 மே. சிறு ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு எங்கள் ஊர் கொடுத்த பதில் அது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், மே 22. போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளைக்கு இணையத்தை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. சமூக ஊடகங்களில் வதந்தி பரவுகிறது என்பது காரணம். அந்த மே 23தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள். அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் கலந்தாய்வை முதல்முறையாக இணையத்துக்கு மாற்றியதும் அந்த ஆண்டுதான், விண்ணப்பப் பதிவு நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பிரவுசிங் சென்டர் வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். தூத்துக்குடியில் சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் போட்ட அழைப்பு கிடைக்காமல் தவித்தார்கள்.

வதந்தி நின்றதா? நான் கண்ட வரையில் இல்லை. டீக்கடையில் இறந்தவர் எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாக இருந்தது. இது உண்மையா என்று எடுத்துப் பார்க்க எதுவும் கையில் இல்லாதபோது வாயில் வருவதுதான் செய்தி. அதைவிட எனக்கு ஆறாதது வேறு ஒன்று. அங்கே என்ன நடந்தது என்று படம் பிடித்து வைத்திருந்தவர்கள் அந்த மக்கள்தான். அதை வெளியுலகுக்குக் காட்ட வேண்டிய நேரத்தில் அவர்கள் கையில் இருந்த ஒரே வழியை அடைத்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போனது. பிறகு 2020 ஜனவரியில் காஷ்மீரில் இணையத்தை முடக்கியது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தை முடக்கும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும், கால வரையறை இல்லாமல் முடக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டே ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் செல்லாது என்று விதியைத் திருத்தினார்கள். இப்போது ரேஷன், பென்ஷன், பஸ் டிக்கெட், மீன் விற்கிற ஆச்சிக்கு ஜிபே வரை எல்லாம் இணையத்தில் ஓடுகிறது. இன்னொரு முறை ஐந்து நாள் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது கையில் ரொக்கம் வைத்திருக்காத தினக்கூலிதான்.

சரி, கணினி பக்கம் வருகிறேன். 2011ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. ஆரம்ப காலத்தில் வந்தவற்றில் விண்டோசோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது, யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய இயந்திரங்களை ஏற்காது. நன்றாக ஓடுகிற ஒரு கணினியைத் தூக்கிப் போடு என்று தொலைவில் இருக்கும் ஒரு நிறுவனம் முடிவு செய்வது எனக்குச் சம்மதம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவினால் ஒரு பிள்ளை படிக்க, எழுத, விண்ணப்பம் போடத் தாராளமாகப் போதும்.

யாரும் திறந்து பார்த்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்ன செய்யும் என்று எனக்குக் காட்டியவர்கள் பாளையங்கோட்டையில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் படித்து வெளியே வந்த சில நண்பர்கள். அவர்கள் பயன்படுத்துவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள். 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான் விலை தாங்காது, இது இலவசம், மூல நிரலும் திறந்தது, தமிழையும் வாசிக்கும். இதை வைத்துக்கொண்டு அவர்கள் வங்கிச் செய்தியை யாரிடமும் காட்டாமல் தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அலுவலகத்தில் இருந்து வரும் சுற்றறிக்கை பழைய வானவில் எழுத்துருவில் இருந்தால் வாசிப்பான் உளறும், ஏனென்றால் உள்ளே இருப்பது தமிழ் எழுத்தே இல்லை, தமிழ் வடிவம் போர்த்திய ஆங்கிலக் குறிகள். தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால் அதுவும் வாசிக்காது. தமிழக அரசு 2010 ஜூனிலேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்துவிட்டது. இன்றைக்கும் பல டிடிபி கடைகளில் பழைய எழுத்துருதான் ஓடுகிறது.

அரசு அலுவலகத்திலோ பள்ளியிலோ டிடிபி கடையிலோ வேலை பார்ப்பவர் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் ஒரு கோரிக்கை: அடுத்த சுற்றறிக்கையை ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள், ஸ்கேன் எடுக்காமல் அப்படியே பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்புங்கள். விசைப்பலகை பழக வேண்டும் என்றால் கணினியைக் கொண்டுவாருங்கள், தமிழ்99 நிறுவித் தருகிறேன், காசு வேண்டாம்.